ஐசியூ வாசலில் இருக்கும் குடும்பத்துக்குத் துணையாகப் போகிறீர்களா?

தெரிந்த வீட்டில் ஒருவரை ஐசியூவில் சேர்த்திருக்கிறார்கள் என்று போன் வந்ததும் கிளம்பிவிடுகிறோம், ஆனால் போய் என்ன செய்வது என்று பலருக்குத் தெரிவதில்லை. உள்ளே படுத்திருப்பவரைக் கவனிக்க டாக்டர், நர்ஸ், மானிட்டர் எல்லாம் இருக்கிறது. வெளியே பெஞ்சிலோ, பெஞ்சும் கிடைக்காமல் வராந்தாத் தரையிலோ தூக்கமில்லாமல் உட்கார்ந்திருக்கும் மனைவியை, மகனை, அம்மாவை யார் கவனிப்பது? அந்த வேலைக்கு முதல் தடவையாகப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் சொந்தக்காரராக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், கோயில், சர்ச், பள்ளிவாசல் குழு எதிலிருந்தாவது அனுப்பப்பட்டவராகவும் இருக்கலாம். தன்னார்வலனாகத் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளில் இப்படிப் போய் உட்கார்ந்து பழகியவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த வாசலில் நம் பேச்சுக்கு மதிப்பு ரொம்பக் குறைவு. ஒரு வேளைச் சாப்பாடும் இரண்டு மணி நேரத் தூக்கமும் கிடைத்து, பக்கத்தில் ஓர் ஆளும் இருந்தால் மனசு தானாக ஓரளவு நிமிர்ந்துகொள்ளும். சாமி, பிரார்த்தனை எல்லாம் அதற்கு அப்புறம்தான். அதிலும் அவர்கள் சாமிதான், நம் சாமி இல்லை.

கிளம்புவதற்கு முன்னால்

போன் செய்து "நான் வரட்டுமா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு "வேண்டாங்க, எதுக்குச் சிரமம்" என்றுதான் சொல்வார்கள். "ஆறு மணிக்கு வரேன், நைட்டுக்கு என்ன சாப்பாடு கொண்டுவரட்டும்?" என்று கேளுங்கள். எந்த பிளாக், எந்த மாடி, பார்வை நேரம் எப்போது, பாஸ் யார் கையில் இருக்கிறது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான இடங்களில் ஒரு நோயாளிக்கு ஓர் அட்டெண்டர்தான். பாஸ் இல்லாமல் போய் செக்யூரிட்டியோடு மல்லுக்கு நின்றால் அந்தக் குடும்பத்துக்கு அது இன்னொரு தலைவலி.

பையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: போன் சார்ஜர், போர்வை, தண்ணீர் பாட்டில், சில்லறை, ஒரு நோட்டும் பேனாவும். பழம் வேண்டாம். ஏற்கெனவே ஏழெட்டு பேர் கொண்டுவந்த ஆப்பிளும் சாத்துக்குடியும் பெஞ்சுக்கு அடியில் இருக்கும். பூவும் வேண்டாம், ஐசியூக்குள் விட மாட்டார்கள். உங்களுக்கே சளி, காய்ச்சல் இருந்தால் போகவே போகாதீர்கள்.

போய்ச் சேர்ந்ததும்

உட்காருங்கள். "எப்படி ஆச்சு?" என்று ஆரம்பிக்காதீர்கள், அந்தக் கதையை அவர்கள் காலையிலிருந்து வந்தவர் போனவர் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருப்பார்கள். "சாப்டீங்களா?" என்று கேளுங்கள், அது போதும். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப அதையே சொன்னாலும் முதல் தடவை கேட்பதுபோலவே கேளுங்கள். அழுதால் அழட்டும். "அழாதீங்க, நீங்களே இப்படி இருந்தா பிள்ளைங்க என்ன ஆகும்" என்று சொல்வது நம் சங்கடத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான்.

சொல்லக் கூடாத பேச்சுகள் சில உண்டு. "ஒண்ணும் ஆகாது" என்று உங்களால் எப்படிச் சொல்ல முடியும்? "எங்க மாமாவுக்கும் இதேதான், பத்தே நாள்ல போயிட்டாரு" என்று வாசலிலேயே நின்று சொல்கிற ஆட்களை என் காதால் கேட்டிருக்கிறேன். "முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாமே", "இந்த ஆஸ்பத்திரியா, அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே", "ஏழரைச் சனி நடக்குதுல்ல", "எந்த ஜென்மத்துப் பாவமோ" இதெல்லாம் ஆறுதல் என்ற பெயரில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது. குடும்பத்தில் ஒவ்வொருவரும் ஏற்கெனவே உள்ளுக்குள் "நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்" என்று அரைத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

பேச ஒன்றுமில்லை என்றால் பேசாமல் இருங்கள். பக்கத்தில் ஓர் ஆள் சும்மா இருப்பதன் பலம் பேசிப் பழகிய நமக்கு லேசில் புரியாது.

வேலையை வாங்கிக்கொள்ளுங்கள்

"எதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வருவது சுத்த வீண், யாரும் சொல்ல மாட்டார்கள். என்ன தேவை என்று நீங்களே பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வேலை போன். நோயாளியின் மனைவிக்கு ஒரு நாளில் எத்தனை அழைப்பு வரும் என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும். உறவில் ஒருவரை நியமித்து, "தினமும் சாயங்காலம் இவர்தான் குரூப்பில் நிலவரம் போடுவார், மற்றவர்கள் வீட்டுக்காரம்மாவுக்குப் போன் செய்ய வேண்டாம்" என்று ஒரு வாட்ஸாப் செய்தி போட வையுங்கள். ரத்தம் தேவைப்பட்டால் அதற்கான செய்தியில் தேதியும் பிளட் பேங்க் பெயரும் இருக்கட்டும், ஆள் கிடைத்ததும் "போதும், கிடைத்துவிட்டது" என்று மறுபடி போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் வரை போன் வந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது வீடு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, மாத்திரை போட வேண்டிய மாமியார், பால் கறக்க வேண்டிய மாடு, பூட்டிக் கிடக்கும் கடை, இவை எல்லாம் பெஞ்சில் இருப்பவர் மனசில் ஓடிக்கொண்டே இருக்கும். இதில் ஏதாவது ஒன்றை நீங்கள் முழுசாக எடுத்துக்கொண்டால் அது பத்து பேர் வந்து பார்த்துவிட்டுப் போவதை விட மேல். சின்னப் பிள்ளைகளிடம் "அப்பா ஊருக்குப் போயிருக்காரு" என்று புளுகாமல், "அப்பாவுக்கு உடம்பு ரொம்ப முடியல, டாக்டருங்க பார்த்துட்டிருக்காங்க, புதுசா எது தெரிஞ்சாலும் உனக்குச் சொல்றோம்" என்று வயசுக்குத் தகுந்த மாதிரி சொல்லச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் தாங்களாகவே அதை விடப் பயங்கரமாக ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளும்.

மூன்றாவது தூக்கம். "நான் இங்க இருக்கேன், கூப்பிட்டா ஓடி வந்து எழுப்பறேன், ரெண்டு மணி நேரம் படுங்க" என்று சொல்லி, சொன்னபடி அந்த இரண்டு மணி நேரமும் கதவைப் பார்த்தபடி உட்காருங்கள்.

பணக் கவலையையும் மனக் கவலையையும் பிரிக்க முடியாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். ரேஷன் கார்டும் விஏஓ வருமானச் சான்றும் தேவைப்படும். காப்பீட்டு கார்டு இருந்தும் பதற்றத்தில் அதற்கான கவுண்டர் பக்கமே போகாதவர்கள் உண்டு. நீங்கள் போய் விசாரித்து வாருங்கள். சென்னையில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி போன்ற இடங்களில் வளாகத்திலேயே அம்மா உணவகம் இருக்கிறது, பல நாள் காத்திருக்க வேண்டிய வெளியூர்க் குடும்பத்துக்கு அதைக் காட்டிவிடுவதும் ஓர் உதவிதான்.

உள்ளே போய்ப் பார்ப்பதற்கு முன்னால் தயார்ப்படுத்துங்கள்

முதல் தடவை ஐசியூக்குள் போகிறவர் பார்க்கப்போவது என்ன என்று வாசலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வாயில் மூச்சு விட உதவும் குழாய் இருக்கலாம். அது குரல் நாண்களின் நடுவே போவதால் முழிப்பு இருந்தாலும் பேச்சு வராது, அதைப் பேச்சே போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. முகம் வீங்கியிருக்கலாம். கையைக் கட்டிலோடு துணியால் கட்டியிருக்கலாம், அரைமயக்கத்தில் குழாயைப் பிடுங்கிவிடாமல் இருப்பதற்காக அது. மானிட்டர் அடிக்கடி கத்தும், சத்தம் வந்தாலே ஆபத்து என்று அர்த்தம் இல்லை, நர்ஸ் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இதெல்லாம் தெரியாமல் போய் மயங்கி விழுந்த மகன்கள் இருக்கிறார்கள்.

மயக்கத்தில் இருப்பவருக்குக் காது கேட்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டே பேசச் சொல்லுங்கள். கையைத் தொட்டு, பெயரோ உறவோ சொல்லிக் கூப்பிட்டு, வீட்டுச் சேதி சாதாரணமாகச் சொன்னால் போதும். கட்டில் பக்கத்தில் நின்று பில்லைப் பற்றியும் "இனி தேறாது போல" என்றும் பேச விடாதீர்கள்.

அப்புறம் ஒன்று, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நான்கைந்து நாள் ஐசியூவில் இருந்த பெரியவர் திடீரென்று செத்துப்போன அண்ணனோடு பேசுவார், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், பெற்ற மகளையே "யாரு நீ, என்னைக் கொல்ல வந்தியா" என்று கேட்பார், ராத்திரியில் இது இன்னும் அதிகமாகும். வெளியே வந்த மகள் "அப்பாவைக் காத்து கருப்பு அடிச்சிருச்சு" என்று அழுவாள், கூட இருக்கும் யாராவது மந்திரிக்கிறவரைத் தேடிக் கிளம்புவார்கள். இதற்கு டெலிரியம் என்று பெயர். கடுமையான நோய், தொற்று, மருந்து, தூக்கம் கெடுவது, பகல் இரவு தெரியாத வெளிச்சம் எல்லாம் சேர்ந்து மூளையைத் தற்காலிகமாகக் குழப்புவது. ஐசியூவில், அதிலும் வயதானவர்களிடம், மிகச் சாதாரணமாக வருவது. பெரும்பாலும் உடம்பு தேறத் தேறச் சரியாகும், ஆனால் டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும். குடும்பம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அவர் கண்ணாடியையும் காது மிஷினையும் கொண்டுவந்து நர்ஸிடம் கொடுக்கலாம். "அப்பா, நான் செல்வி, இது ஆஸ்பத்திரி, இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை, காலைல பத்து மணி" என்று ஒவ்வொரு தடவையும் அமைதியாகச் சொல்லலாம். சுவரில் பூச்சி இல்லை என்று வாதாடக் கூடாது, "பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்றால் போதும். திட்டியதை மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று மகளுக்கும் சொல்லுங்கள், முக்கியமாக அவளுக்குத்தான் அது தேவை.

டாக்டர் பேசும் நேரம்

பல ஐசியூக்களில் தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் குடும்பத்தைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். பதற்றத்தில் பாதி காதில் ஏறாது. அதனால் இரண்டு பேர் போக வேண்டும், ஒருவர் கேட்க, இன்னொருவர் எழுத. முன்கூட்டியே நோட்டில் கேள்விகளை எழுதி வைக்கச் சொல்லுங்கள். நேற்றைவிட இன்று எப்படி, அடுத்த இரண்டு நாளில் எதை எதிர்பார்க்கிறீர்கள், எங்கள் பக்கம் முடிவு செய்ய வேண்டியது எதுவும் இருக்கிறதா, இந்த மூன்றும் எப்போதும் இருக்கட்டும். "இனி கடவுள் கையிலதான்" என்று டாக்டர் சொன்னால் ஒரு மகன் அதைச் சாவு என்று எடுத்துக்கொள்வான், இன்னொரு மகன் இன்னும் வாய்ப்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்வான், வராந்தாவில் அண்ணன் தம்பி சண்டை வெடிக்கும். அந்த இடத்திலேயே "அப்படின்னா மருத்துவ ரீதியா என்ன நிலைமை டாக்டர்?" என்று கேட்டுவிடச் சொல்லுங்கள். நீங்கள் குடும்பத்து ஆள் இல்லை என்றால் நீங்களாகக் கேள்வி கேட்காதீர்கள், அவர்கள் அழைத்தால் மட்டும் கூட நில்லுங்கள்.

சாமி விஷயம்

கேட்டுவிட்டுச் செய்யுங்கள். "உங்களுக்குப் பிரார்த்தனை பண்ணணும்னு இருக்கா? யாரையாவது வரச் சொல்லணுமா?" என்ற ஒரு கேள்வி போதும். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். கும்பிடாத குடும்பங்களும் தமிழ்நாட்டில் உண்டு, அவர்களுக்கும் துணை வேண்டும், அவ்வளவுதான். அடுத்த மதத்துக் குடும்பத்தின் தலையில் கை வைத்து ஜெபிப்பது, தாயத்து கட்டிவிடுவது, "எங்க சாமிகிட்ட வந்துடுங்க, குணமாயிடும்" என்பது எல்லாம் என் பார்வையில் பலவீனமான நேரத்தில் கை வைக்கும் வேலை. எந்தப் பக்கத்து ஆள் செய்தாலும் எனக்கு அது பிடிக்காது.

திருநீறு நெற்றியில் இடுவதற்குப் பெரும்பாலான நர்ஸ்கள் மறுக்க மாட்டார்கள். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்திருப்பவருக்கு அருகே தூவக் கூடாது. தீர்த்தம், ஸம்ஸம், ஜெபத் தண்ணீர் எதுவானாலும் மயக்கத்தில் இருப்பவர் வாயில் ஊற்றவே கூடாது, நேராக நுரையீரலுக்குள் போகும். பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றலாமா என்று கேட்டால் பல நேரம் சரி என்பார்கள். ஆக்ஸிஜன் இருக்கும் இடத்தில் கற்பூரம், ஊதுபத்தி, மெழுகுவர்த்தி கூடவே கூடாது, தீப்பிடித்துவிடும். மந்திரித்த கயிற்றை ஊசி போட்டிருக்கும் கையில் கட்டாமல் தலையணைக்கு அடியில் வைக்கலாம். பிரசாதம் வெளியே இருப்பவர்களுக்கு.

தாலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆபரேஷனுக்கு முந்தைய அழுகைகளில் பாதி இதில்தான் வருகிறது. ரத்தக்கசிவை நிறுத்த மின்கருவியால் தீய்க்கும்போது உடம்பில் உலோகம் இருந்தால் சூட்டுக்காயம் வரலாம், அதனால் தாலி, மெட்டி, மூக்குத்தி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். வயதான அம்மா ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி சேலைத் தலைப்பால் கழுத்தை மூடிக்கொண்டு "அவர் இருக்கும்போது இதைக் கழட்ட மாட்டேன்" என்பார், நர்ஸுக்கு நேரமாகிவிடும், குரல் உயரும். முந்தைய நாளே யோசித்திருந்தால் இவ்வளவு ஆகாது. மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சள் துண்டைக் கோத்து அதை முதலில் கழுத்தில் கட்டிவிட்டு, அப்புறம் தங்கத்தைக் கழற்றி வீட்டுக்காரர் கையிலேயே கொடுக்கச் செய்தால் எந்த அம்மாவும் அநேகமாக ஒத்துக்கொள்வார். கயிறு இருக்கலாமா என்று நர்ஸிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கத்தோலிக்கக் குடும்பமானால் பங்குத் தந்தையை அழைத்து நோயில் பூசுதல் (எண்ணெய் பூசி ஜெபிக்கும் சடங்கு) கேட்கலாம். அது சாகிறவர்களுக்கு மட்டும் என்று பழைய ஆட்கள் இன்னும் பயப்படுவார்கள், கடும் நோயில் இருக்கும் எவருக்கும் உண்டு என்று சாமியாரே விளக்குவார். முஸ்லிம் குடும்பத்தில் யாசீன் என்ற குர்ஆன் அத்தியாயத்தை ஓத விரும்பினால் சத்தம் குறைவாக ஓத இடம் கேட்டுக் கொடுங்கள், கடைசி நேரம் என்றால் கலிமா என்ற இஸ்லாமிய நம்பிக்கை மொழியைக் காதருகே மெல்லச் சொல்வது அவர்கள் வீட்டு ஆளாகவே இருக்கட்டும். வேலூர் சிஎம்சி போன்ற மிஷன் மருத்துவமனைகளில் சாப்ளின் என்று இதற்கென்றே ஆட்கள் உண்டு, எந்த மதத்தவர் கேட்டாலும் வருவார்கள். மற்ற இடங்களில் வளாகத்துப் பிள்ளையார் கோயிலோ அருகில் உள்ள பள்ளிவாசலோ எங்கே என்று தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

நேர்த்திக்கடன். சமயபுரத்துக்கு மொட்டை, வேளாங்கண்ணிக்கு மெழுகுவர்த்தி, நாகூருக்குப் போர்வை என்று அவர்களாக வேண்டிக்கொள்வது அவர்கள் பலம். நீங்கள் புதுசாக ஒன்றைத் தலையில் கட்டாதீர்கள். பிழைக்காமல் போனால் "வேண்டுதல்ல குறை வச்சுட்டோமோ" என்ற கூடுதல் பாரம் அவர்கள் மேல்தான் விழும். யாராவது "எத்தனை கோயில் ஏறினேன், அந்தச் சாமிக்குக் கண்ணில்லையா" என்று கத்தினால் சாமிக்காக வக்காலத்து வாங்காதீர்கள். கோபப்படட்டும்.

நிலைமை மோசமானால்

சில குடும்பங்கள் "உசுரு நம்ம வீட்டுலயே போகட்டும்" என்று கேட்பார்கள். அது தப்பான ஆசை இல்லை. வழியில் மூச்சுத் திணறாமல், வலி இல்லாமல் கொண்டுபோவது எப்படி என்று டாக்டரிடம் வெளிப்படையாகக் கேட்கச் சொல்லுங்கள், வலி தணிப்புச் சிகிச்சைப் பிரிவு இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு சில நாள் நீடித்தால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்ல வேண்டும்.

மூளைச்சாவு என்று சொன்னால் குடும்பத்துக்குப் புரிவது ரொம்பக் கடினம். உடம்பு சூடாக இருக்கிறது, நெஞ்சு ஏறி இறங்குகிறது, எப்படி நம்புவார்கள்? நெஞ்சை அசைப்பது வென்டிலேட்டர் என்ற சுவாச மிஷின்தான். குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை சோதித்து நான்கு டாக்டர்கள் கையெழுத்திட்டு உறுதி செய்வது சட்டம். உறுப்பு தானம் பற்றிப் பேச அதற்கென்று ஒருங்கிணைப்பாளர் வருவார், தானம் கொடுப்பவருக்குத் தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரிலிருந்து அரசு மரியாதையும் உண்டு. அந்தப் பேச்சில் நீங்கள் எந்தப் பக்கமும் தள்ளாதீர்கள். "கொடுங்க, புண்ணியம்" என்றும் வேண்டாம், "வேண்டாம், உடம்பைக் கூறு போடுவாங்க" என்றும் வேண்டாம்.

இறந்துவிட்டால் முதலில் பார்க்கவும் தொடவும் நேரம் கேட்டு வாங்கிக் கொடுங்கள். மற்ற ஓட்டத்தை நீங்கள் ஓடுங்கள். அரசு மருத்துவமனையில் இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுபோக இலவச அமரர் ஊர்தி உண்டு, எண் 155377. விபத்து என்றால் போலீஸ், போஸ்ட்மார்ட்டம் என்று நேரமாகும், எப்போது முடியும் என்று கேட்டு ஊருக்குச் சொல்லுங்கள். முஸ்லிம் குடும்பத்தில் சீக்கிரம் அடக்கம் செய்ய வேண்டும் என்பதை அலுவலகத்தில் எடுத்துச் சொல்லுங்கள். இறப்புப் பதிவுக்குக் கொடுக்கும் விவரங்களில் பெயர் ஆதாரில் இருப்பதுபோலவே, எழுத்துக்கு எழுத்து, இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் இன்ஷியல் மாறிவிட்டால் பிறகு பேங்கிலும் இன்ஷூரன்ஸிலும் அந்த அம்மா மாதக்கணக்கில் அலைய நேரிடும்.

அதற்கப்புறம்

பலர் பிழைத்து வீட்டுக்கு வருகிறார்கள், அப்போது துணை தேவைப்படாது என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். நோயாளிக்கு ஐசியூ நாட்கள் துண்டுதுண்டாகவும் கெட்ட கனவாகவும்தான் ஞாபகம் இருக்கும். டாக்டர் சொன்னதை எழுதிய நோட்டு இருந்தால் அதைக் காட்டி எந்த நாள் என்ன நடந்தது என்று வீட்டுக்காரர்கள் சொல்லலாம், கேட்டால் மட்டும். இத்தனை நாள் திடமாக இருந்த மனைவி இப்போதுதான் உடைவார். தூக்கம் வராமை, திடீர் படபடப்பு, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே நடுக்கம், எதிலும் பிடிப்பில்லாமை என்று வாரக்கணக்கில் நீடித்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். "செத்துப் போயிடலாம்னு இருக்கு" என்று வாய் தவறிச் சொன்னாலும் அதைப் பேச்சுவாக்கில் விட்டுவிடாமல் அன்றைக்கே அழையுங்கள், ஆளைத் தனியாக விடாதீர்கள்.

அதே எண் உங்களுக்கும்தான். தினமும் இப்படிப் போய் உட்காருகிறவருக்கு வீட்டில் எரிச்சல் வரும், சாப்பாடு இறங்காது. வாரத்தில் இத்தனை நாள்தான் என்று வைத்துக்கொண்டு, போக முடியாத நாளில் உங்களுக்குப் பதிலாக யார் போவார் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஆளின் நம்பரையும் குடும்பத்திடம் கொடுத்துவிடுங்கள்.